தெருமுனை மெடிக்கல் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தீர்கள். வாசலில் நின்று, "நம்மகிட்டதாம்மா மாத்திரை வாங்கிட்டு இருந்தாப்ல" என்றீர்கள். அதற்கு மேல் உங்களால் பேச முடியவில்லை. என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் பைக் சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே நெஞ்செரிச்சல் மாத்திரையின் காலி அட்டைகள். முழு அட்டை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் நீங்கள் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டுகள். நாலு, மூன்று, சில சமயம் இரண்டு. கட்டிலில் பரப்பி ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தேன். சில துண்டுகள் அப்படியே பொருந்தின. எண்ணியதில் 190 மாத்திரைக்கு மேல் வந்தது. தினம் ஒன்று என்றால் ஆறு மாதம்.

அந்த ஆறு மாதமும் வீட்டில் நாங்கள் சொன்னது, "நேரத்துக்குச் சாப்பிடு" என்பது மட்டும்தான். கால் டாக்ஸி ஓட்டுகிறவன், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிடுகிறவன். வயசு 33. நெஞ்சு எரியாமல் என்ன செய்யும் என்று நினைத்தோம். கேஸ் என்று அவனே பேர் வைத்துக்கொண்டான். அப்புறம் இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பிவிட்டது என்று தட்டைத் தள்ள ஆரம்பித்தான். ஒருநாள் அடுப்பில் ஆணியைச் சுட வைத்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். மெலிந்தது நல்லதுதான்டா என்று சொன்னவள் நான்.

அசதிக்கு உங்களிடம் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கியிருக்கிறான். மலம் கறுப்பாகப் போனபோது அந்த மாத்திரையால்தான் என்று விட்டுவிட்டான். அந்த மாத்திரைக்கும் கறுப்பாகத்தான் போகும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும். கடைசியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. இந்த வயசு ஆம்பிளைக்கு ரத்தம் இப்படிக் குறைந்தால் முதலில் கசிவைத் தேட வேண்டும் என்றார் டாக்டர்.

முதல் எண்டோஸ்கோபியில் எடுத்த சதையில் ஒன்றும் வரவில்லை. காற்று செலுத்தியும் வயிறு சரியாக விரியாததால் சந்தேகப்பட்டு, இரண்டாம் முறை ஆழமாக எடுத்தார்கள். சிக்னெட் ரிங் செல்கள் என்று ரிப்போர்ட் வந்தது, வயிற்றுப் புற்றுநோயில் ஒரு வகை. இந்த வகை பெரும்பாலும் கட்டியாகத் திரளாது. செல்கள் தனித்தனியாகப் பிரிந்து வயிற்றின் உள்பூச்சுக்கு அடியில் பரவும். சுவர் தோல்பை மாதிரி தடித்து இறுகிவிடும், மேலே பார்த்தால் பெரிதாகப் புண் இருக்காது. இளவயதில் வரும் வயிற்றுப் புற்றுநோயில் இந்த வகையின் பங்கு, வயதானவர்களுக்கு வருவதில் இருப்பதைவிட அதிகம். அவனுக்கு அதற்குள் வயிற்று நீர் வரை பரவிவிட்டது. ஆபரேஷனுக்கு வழியில்லை. ஏழு மாதம் கீமோ தாங்கினான்.

காரணம் தேடினேன் அண்ணே. வயிற்றில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994-லேயே அதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மருந்தில் அழித்துவிடலாம். ஆனால் பான்டாப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். எரிச்சலை அடக்கி நோயையும் மறைத்துவிடும். அவன் வாங்கின அதே மாத்திரைதான். பரம்பரையாக, சிடிஎச்1 என்ற மரபணுக் கோளாறாலும் சிலருக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. எனக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் முடிவு வரவில்லை.

தென்கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கமே வயிற்றைப் பார்த்துவிடுகிறது. அங்கே பிறந்திருந்தாலும் என் தம்பியைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவன் வயசுக்காரர்களுக்கு உடம்பு காட்டும் குறிகள்தான் இருக்கின்றன. அம்மா அவன் தட்டைப் பார்த்தாள், நான் பெல்ட்டைப் பார்த்தேன். மாத்திரைக் கணக்கு உங்கள் கையில் இருந்தது. மூன்றையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. கேஸ் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்காது என்பதும் தெரியும். ஆனாலும் ஒருத்தன் மூன்றாவது தடவை வந்து கேட்டால், கத்தரியை எடுக்கும் முன் கேளுங்கள். எத்தனை வாரமாகச் சாப்பிடுகிறாய்? எடை குறைந்திருக்கிறதா? கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்புகிறதா? வாந்தி, விழுங்கச் சிரமம், கறுப்பு மலம் உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பி வந்து உங்களைத் திட்டினால் திட்டட்டும்.

போன வாரம் அவனோடு ஸ்டாண்டில் நிற்கும் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். டீ கொடுத்தேன், பாதியில் வைத்துவிட்டான். "எனக்கும் ரெண்டு மாசமா இப்படித்தான்க்கா எரியுது, மாத்திரை போட்டா கேக்குது" என்றான். உங்கள் கடையில்தான் வாங்குகிறானாம். வெள்ளை டிசையர், கண்ணாடி போட்டிருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போடா என்று சொல்லித்தான் அனுப்பினேன், போயிருக்க மாட்டான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான் அண்ணே, பிடித்து உட்கார வைத்துக் கேளுங்கள்.

உங்கள் தங்கை