முதலுதவிப் பெட்டி பேருந்தில் இருந்தது

மாணவர்களை மலையேற்றத்துக்கும் காட்டு நடைக்கும் நீர் விளையாட்டுக்கும் அழைத்துப் போகும் பள்ளி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இப்படிப்பட்ட பயணங்களில் பல வருடம் கூடப் போன உடற்கல்வி ஆசிரியன் நான். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. முழங்காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வளர்ந்த பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

ஒரு மலைப் பயணம். ஏறும்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. (இறக்கத்தில் கால் தளர்ந்திருக்கும், பேச்சு கூடியிருக்கும்.) முதலுதவிப் பெட்டியோ அடிவாரத்தில், பூட்டிய பேருந்துக்குள். என் துண்டை ஓடை நீரில் நனைத்துக் காலில் சுற்றி, மாறி மாறித் தூக்கி, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம். பெட்டியைத் திறந்தால் பஞ்சும் காலாவதியான களிம்பும் இருந்தன. கிரேப் பேண்டேஜ் இல்லை. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் மட்டும் ஒன்று விடாமல் கோப்பில் இருந்தன.

கணுக்கால் ஆறிவிடும். வெயில் அப்படியல்ல. ஓடிக்கொண்டிருந்த மாணவன் உளறினாலோ தள்ளாடினாலோ, களைப்புதான் என்று நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போகக் கூடாது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் முதல் 30 நிமிடம்தான் கணக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல், குளிர்ந்த நீரால் உடலைத் தணிக்க வேண்டும். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. இதெல்லாம் பல ஆசிரியர்களுக்குத் தெரியும். தெரிந்தவருக்கு, 'போதும், திரும்பலாம்' என்று சொல்லும் அதிகாரம் இல்லை. சிக்கல் அங்கேதான்.

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 அன்று, சிறு படகுகளில் கடலுக்குள் போன மாணவர்களில் 4 பேர் இறந்தார்கள். அந்தச் சாகச மையத்தில் பாதுகாப்பு சரியில்லை என்று அங்கே வேலை பார்த்துவிட்டு விலகிய பயிற்றுநர்கள் எழுதிய கடிதம், முந்தைய ஆண்டே நிர்வாகத்தின் கைக்குப் போயிருந்தது. விபத்துக்குப் பிறகுதான் இயக்குநருக்குச் சிறை, 1995இல் தனிச் சட்டம் எல்லாம்.

ஆகவே, கூடப் போகும் ஆசிரியர் ஒருவரிடம் பயணத்தை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். வானம் கறுத்தாலோ, ஆற்றில் தண்ணீர் ஏறினாலோ, வழிகாட்டி தயங்கினாலோ, அவர் உங்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. திரும்பி வந்த பிறகு, கட்டிய பணம் வீணானது ஏன் என்று விளக்கமும் கேட்காதீர்கள். அப்படியொரு விளக்கத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பெட்டி. அதை வரிசையின் கடைசியில் நடக்கும் ஆசிரியரின் பையில் வையுங்கள். அடிபட்ட பிள்ளை எப்படியும் பின்தங்கித்தான் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்