பெட்டியில் வந்த பூசணிக்காய்களை எரிக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் குப்பையோடு மூன்று செயற்கைப் பூசணிக்காய்களையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். ஒரே கறுத்தப் புகை. தொட்டிலில் கிடந்த என் பேரன் இருமி இருமி அழுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் பெட்டி வருகிற வீடுகளுக்கு இந்தக் காய்களைத் தெரிந்திருக்கும். கனடாவில் ஒக்டோபர், மரங்கள் இலை உதிர்க்கும் காலம். அந்த மாத இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் நாள், 31ஆம் திகதி ஹலோவீன். வாசற்படியில் பூசணிக்காய் வைத்து அலங்கரிப்பார்கள். அது முடிந்ததும் கடைகளில் செயற்கைக் காய்கள் மலிந்துவிடும். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை அவற்றை வாங்கி, பால்மா ரின்களுக்கு இடையில் அடிபடாமல் இருக்கச் செருகி அனுப்புவாள்.

உள்ளதைச் சொன்னால், அவை பூசணிக்காய் போலவே இருப்பதில்லை. முழுக்க ஒரே செம்மஞ்சள், ஒரே மினுக்கம். தோட்டம் செய்த வீட்டில் பிறந்தவள் நான். கொடியில் கிடக்கும் காயில் பச்சை வரியோடும், மண்ணில் படிந்த பக்கம் வெளிறியிருக்கும். அந்த நிறங்களையே பூசிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதற் காயைப் பழுதாக்கினேன். அது வெள்ளை றெஜிபோமில் (பொருட்கள் உடையாமல் பெட்டியில் வைக்கும் பாரமில்லாத நுரைப் பிளாஸ்ரிக்கில்) செய்தது. ஸ்பிரே பெயின்ற் அடித்ததும் கறையான் அரித்ததுபோல் குழி குழியாகக் கரைந்துவிட்டது. றெஜிபோமுக்குக் கோதுமை மாப் பசையில் பழைய பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் கரையும் எமல்சன் பூச வேண்டும். மினுக்கமான பிளாஸ்ரிக் காய் என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, அரத்தாளால் நன்றாகத் தேயுங்கள். தேய்க்காவிட்டால் பூச்சு உரிந்து வரும். எமல்சனில் கொஞ்சம் அப்பச்சோடா கலந்தால் மினுக்கம் போய், தோல் சொரசொரப்பாக வரும். வரிப்பள்ளங்களில் கடும்பச்சை, மேட்டில் காவி. ஈரம் காயுமுன் துணியால் ஒற்றியெடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீற்றுப்பூசணி நிறம்தான். சாம்பற்பச்சை பூசிக் காயவிட்டு, வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்துப் பஞ்சால் மெல்ல ஒற்றினேன். கொடியிலிருந்து அப்போதுதான் பறித்ததுபோல் நீறு படிந்து நின்றது. பிளாஸ்ரிக் காம்பை வெட்டிவிட்டு, கறிக்கு வாங்கிய பூசணியின் காம்பை நிழலில் காயவைத்து ஒட்டினேன். அடியில் பன்னாடைத் துண்டொன்று. இந்தக் காம்புதான் பார்க்கிறவர்களை ஏமாற்றுகிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த தங்கை அப்படி மூன்றைத் தன்னோடு கொண்டுபோனாள். பாரமே இல்லை. ஒக்டோபரில் அவள் வாசற்படியில் வைத்து அனுப்பிய படத்தில், மேப்பிள் சருகுகளுக்கு நடுவில் எங்கள் ஊர் நீற்றுப்பூசணி இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தட்டிப் பார்த்துத்தான் நம்பினாளாம்.

வீட்டில் இப்படிக் காய்கள் கிடந்தால் அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடாதீர்கள், பிள்ளைகளிடம் தூரிகையோடு கொடுங்கள். உங்கள் சிறுவர் பக்கத்திலும் இந்தச் செய்முறையைப் படங்களோடு போட்டால் நல்லது. விடுமுறைக்கு முன் வந்தால் இன்னும் உதவி. வேண்டாத காய்கள் யாரிடமாவது இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். தங்கை இந்த முறை எட்டுக் கேட்டிருக்கிறாள், என்னிடம் ஐந்துதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரந்தன்.