மந்தம் என்று எழுதினேன்

ஆசிரியருக்கு,

2015இல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டானபோது, 'ஒரு வருஷம் தண்டம்' என்று முணுமுணுத்தவர் என் அப்பா. இப்போது அதே படிப்பில் நான். கற்பித்தல் பயிற்சிக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்கவில்லை. 'மந்தம்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

மூன்றாவது வாரம், மழைக்கு ஒதுங்கிய இடத்தில், அவன் பாட்டியிடம் படுக மொழியில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் பாடத்தில் 'கிராமம்' வந்ததும், உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். "ஹட்டி!" என்றான், வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி. அப்புறம் அவனை நிறுத்தத்தான் பாடுபட்டேன். தேயிலைத் தோட்டத்து ஜார்க்கண்ட் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். அவர்கள் சொன்னது புரியாமல் விழித்தவள் நான்தான். குறிப்பேட்டில் அந்த வார்த்தையை அடித்தபோது வெட்கமாக இருந்தது.

படுகர், தோடர், கோத்தர், இருளர், பணியர் எனப் பல மொழிக்காரர்கள் வாழும் மாவட்டம் இது. ஆனால் எங்கள் கல்லூரியில் பாடக் குறிப்பேட்டின் கோடு நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியை, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லித்தரச் செலவிடலாமே?

- பி.எட். மாணவி, கோத்தகிரி