படைவீரர் ஓய்வூதியக் கணக்குகளுக்குக் காவல் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

காவிரிப் படுகைச் சிற்றூர்களில் வாழும் முன்னாள் படைவீரர்களும், கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களும் இன்று பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தையே நம்பியிருக்கிறார்கள். வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் காலம் நெருங்கும்போது, "இன்றே புதுப்பிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும்" என்று வாட்ஸ்ஆப்பில் அச்சுறுத்தி, கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றை மோசடியாளர்கள் அனுப்புகிறார்கள். அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை அச்செயலி படித்து அவர்களிடமே சேர்த்துவிடும். எவரிடமும் எண்ணைச் சொல்லாதவர்கூடப் பணத்தை இழப்பது இவ்வாறுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். கணினி மையத்தில் தங்கள் ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து தரச் சொல்லும் முதியவர்கள், கடவுச்சொல்லை அங்குள்ள நோட்டிலேயே எழுதி வைத்துவிட்டு வருகிறார்கள். சிலர் கடைக்காரரின் கைப்பேசி எண்ணையே பதிவு செய்துவிடுகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பலரும் புழங்கும் அந்தக் கணினியில் தகவல் திருடும் தீநிரல் புகுந்திருந்தால், தட்டச்சாகும் ஒவ்வொரு எழுத்தும் களவு போகக்கூடும்.

பணம் பறிபோனால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மோசடியாளர் எடுப்பதற்குள் தொகையை முடக்க அப்போதுதான் வாய்ப்புண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், சைபர் குற்றப்பிரிவு காவலர்களுடன் ஒரத்தநாடு, மன்னார்குடி, வேதாரண்யம் போன்ற ஊர்களுக்கே வந்து முகாம் நடத்தி, ஒவ்வொருவரும் பதிவு செய்துள்ள கைப்பேசி எண்ணைச் சரிபார்த்து, கடவுச்சொல்லை மாற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள்,
தஞ்சாவூர் மாவட்டம்.