அம்மாவின் வேண்டுதல்

சுங்கை சிப்புட்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய அட்டைக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. இங்கே எல்லாரும் நலம். கடைக்கோடி லயத்துப் பெரியம்மா இன்றும் உன் சைக்கிளை விசாரிக்கிறார். நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மறதி முற்றிவிட்டது. என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். ஆனால் விடியற்காலை நான்கு மணியானால் போதும், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து பால் வெட்டும் கத்தியைத் தேடுகிறார். தோட்டம் முழுக்கச் செம்பனையாகி எத்தனை வருடம்! கோவிலுக்குப் பின்னால் மட்டும் ஏழெட்டு ரப்பர் மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. அம்மா டார்ச் விளக்கோடு அவரை அங்கே கூட்டிப்போகிறாள்.

போன வாரம் நானும் பின்னாலேயே போனேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்கிற அவசரம் அவர் கையில் அப்படியே இருக்கிறது. சரிவாக ஒரே இழுப்பு. பட்டை சுருளாக விழுந்தது. கொஞ்சம் ஆழமாகப் போனதும், மரத்தைக் காயப்படுத்தினால் பட்டை எப்படி வளரும் என்று அம்மா அதட்டினாள். உடனே கை தணிந்தது. பெற்ற மகளை மறந்தவர், பக்கத்து நிரையில் நாற்பது வருடம் பால் வெட்டியவளின் குரலுக்குக் கட்டுப்படுகிறார். இவர்களுக்குள் அன்பே இல்லை என்று ஆற்றங்கரையில் உன்னிடம் அழுதேனே, அது தப்பு செல்வி. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியவில்லை.

மாலையானால் தகரப் பெட்டியைத் திறந்து ரசீதுகளை எண்ணுவார். கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் சனங்கள் வீடில்லாமல் நின்ற காலத்தில், தோட்டங்களை நம் சனங்களே சேர்ந்து வாங்க வேண்டுமென்று 1960-இல் நம் ஊர் மந்திரி சம்பந்தன் தொடங்கினாரே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், அதற்குக் கட்டிய பணம். முதல் தவணைக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனதாம். இத்தனை வயதில்தான் இதைக் கேள்விப்படுகிறேன்!

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. அன்று திரும்பும்போது அம்மா மாரியம்மன் சன்னதியில் வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். அவளுடைய பழைய வேண்டுதல் உனக்கே மனப்பாடமாயிற்றே: பூவும் பொட்டுமாக, அவர் கையால் கொள்ளி வாங்கிப் போய்விட வேண்டும். ஆடிக்கூழ் ஊற்றும்போதெல்லாம் அதுதான். இப்போது மாற்றிவிட்டாளாம். “அவர் முதலில் போகட்டும். நான் போய்விட்டால் நாலு மணிக்கு அவரோடு யார் எழுந்திருப்பது?”

உப்பு வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை. எந்தப் பெண் இப்படிக் கேட்பாள்? நம் பாட்டி, பூட்டி காலத்திலிருந்து எல்லாரும் ஆசைப்பட்ட சாவு அது. அதை அம்மன் காலடியில் திருப்பி வைத்துவிட்டாள். வாராவாரம் நான் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறேன்; பிள்ளைக்கு வேலை, எனக்கு முழங்கால் வலி தீர வேண்டும், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து சன்னதியில் நின்றால் வாயில் வார்த்தை வருவதில்லை.

தைப்பூசத்துக்கு ஈப்போ வரை வருவாய் அல்லவா, அப்படியே இங்கேயும் வா. அப்பாவுக்கு உன்னைத் தெரியாது, பரவாயில்லை, வா. வரும்போது அம்மாவுக்கு நல்ல டார்ச் விளக்கு ஒன்று வாங்கி வா. பழையது மங்கிவிட்டது, வேர் தடுக்குகிறது.

உன்
வசந்தா