மூன்று மாதத்தில் இரண்டு மோட்டார்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கும் அனைவரும் நலம். மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். என் வாழ்த்தைச் சொல். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த இரண்டு கதவு ஃப்ரீசர்தான் நிறைந்திருக்கிறது. மூன்று மாதத்துக்குள் கன்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச் சுருள், அதாவது காயில்) ஃபேன் மோட்டார் இரண்டாவது முறை எரிந்துவிட்டது, இப்போது வரும் மோட்டார்களில் தரமே இல்லை என்கிறாய். இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு மோட்டார் ஒரே மாதிரி போனால் நான் மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். "பழைய பிளேடின் ஓரம் உடைந்திருந்தது, கையிலிருந்த வேறொன்றைப் போட்டேன்" என்று நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, என் கண் அங்கேதான் நிற்கிறது.

முதலில் அந்தப் பிளேடை அளந்து பார். 200 மில்லிமீட்டர் இருந்த இடத்தில், ஃபேனைச் சுற்றியுள்ள வளையத்தில் இடம் இருக்கிறதே என்று 230 போட்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. விட்டம் கூடியது 15 சதவீதம்தான். ஆனால் வேகமும் இறக்கையின் சாய்வும் மாறாமல் இருந்தால், சுமை விட்டத்தின் ஐந்தாம் படியாக ஏறும். 1.15-ஐ ஐந்து தடவை எழுதிப் பெருக்கிப் பார், 2 வருகிறது. அதாவது ஒரு மோட்டாரின் தலையில் இரண்டு மோட்டாரின் வேலை. சாய்வும் அப்படித்தான். பல பிளேடுகளில் விட்டமும் சாய்வுக் கோணமும் நடுத்தட்டில் அச்சாகியிருக்கும். 22 டிகிரி இருந்த இடத்தில் 34 டிகிரி போட்டால் மோட்டார் திணறும். ஷேடட் போல் மோட்டார் (துருவ ஓரத்தில் செம்பு வளையம் உள்ள சின்ன வகை) திணறினால் சத்தம் போடாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு சூடாகிக்கொண்டே ஓடும். பார்ப்பவருக்கு ஃபேன் நன்றாகச் சுற்றுவதாகவே தெரியும். பெரிய பிளேடு நிறையக் காற்றுத் தரும் என்று நினைத்துப் போட்டது, சில வாரத்தில் வைண்டிங்கை (மோட்டாரின் உள்ளே உள்ள கம்பிச் சுற்றை) கருக்கிவிடும்.

அடுத்தது வாட் கணக்கு. இந்தச் சின்ன மோட்டார்களில் 5, 10, 16, 25, 34 வாட் என்று சொல்வது ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) கிடைக்கும் சக்தியை. மின்சாரத்தில் இழுப்பது பெரும்பாலும் அதைப்போல மூன்று நான்கு மடங்கு, மிகச் சின்னதில் இன்னும் கூட. 10 வாட் மோட்டார் ஏறக்குறைய 35 முதல் 40 வாட் இழுக்கும். லேபிளில் இரண்டில் எது போட்டிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் தப்பு நடக்கும். பழைய லேபிளில் ஆம்பியர் படிக்க முடிந்தால் அதை ஒப்பிடு, குழப்பமே வராது. சைக்கிளையும் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸ்) பார்க்க மறக்காதே. நான்கு போல் (காந்தத் துருவம்) மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1300 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1550 சுற்று அளவில் ஓடும். 60-க்கு மட்டும் செய்ததை 50-இல் போட்டால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும்.

சுற்றும் திசையில் ஏமாறாதவர்கள் குறைவு. வலமா இடமா என்பது எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சில தயாரிப்பாளர்கள் ஷாஃப்ட் பக்கமிருந்து சொல்கிறார்கள், சிலர் ஒயர் வெளிவரும் பக்கமிருந்து. ஆர்டர் கொடுக்கும்போது "ஷாஃப்டைப் பார்த்தபடி வலப்பக்கம்" என்று முழுசாகச் சொல். ஷேடட் போலில் ஒயரை மாற்றிக் கொடுத்துத் திசையை மாற்ற முடியாது. ஸ்டேட்டரில் (சுற்றாமல் நிற்கும் பாகத்தில்) செம்பு வளையம் துருவத்தின் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சுற்றும். இன்னொன்று, காற்று எதிர்ப்பக்கம் போகிறது என்று பிளேடைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறார்கள். நட்டைத் திருப்பிப் போட்டால் மரை மாறுமா? அதேபோல, காற்று முன்பு போன பக்கமேதான் போகும். பிளேடின் வளைவு தலைகீழாகிவிட்டதால் காற்றின் அளவு மட்டும் குறையும். திசை மாற வேண்டுமென்றால் மோட்டாரின் சுற்று மாற வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ச் சாய்வுள்ள பிளேடு வாங்க வேண்டும்.

ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும் யூனிட்டாக இருந்தால் பால் பேரிங் மோட்டாராகக் கேள். சாதாரண புஷ் (குண்டுகள் இல்லாத பேரிங்) வைத்தது படுக்கை நிலைக்குத்தான் நல்லது. நிமிர்த்தினால் எண்ணெய் இறங்கி, அடிப்பக்கம் தேய்ந்து, கீச்சுச் சத்தத்தில் ஆரம்பித்து இறுகிப்போகும். பெரிய மோட்டார்களில் நீர் வடியும் துளைகளுக்கு மூடி இருக்கும். மாட்டிய பிறகு கீழே வரும் துளையின் மூடியை மட்டும் எடு, மேலே இருப்பதை எடுக்காதே.

மூன்றாவது மோட்டாரை வாங்குமுன் இரண்டாவது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று சோதித்துவிடு. கம்ப்ரஸர் ஓடும்போது மோட்டார் முனையில் வோல்ட் வருகிறதா என்று பார். வரவில்லையென்றால் மோட்டாரின் மேல் தப்பில்லை. ஒயர், ரிலே, ஃபேனை நிறுத்தி ஓட்டும் பிரஷர் சுவிட்ச், கன்ட்ரோலர் என்று பின்னோக்கிப் போ. வோல்ட் வந்தும் சுற்றவில்லையென்றால் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, பிளேடைக் கையால் சுற்று. தடையில்லாமல் சுற்றிப் பல சுற்று ஓடி நிற்க வேண்டும். உரசினாலோ, ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது. கெபாசிட்டர் (மோட்டாரைத் தொடங்கி ஓட்ட உதவும் மின்தேக்கி) உள்ள மோட்டார் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல்தான். அதன் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதே, 20 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து வடியவிட்டு அள. 5 மைக்ரோஃபாரட், ஐந்து சதவீதம் கூடக்குறைய என்று போட்டிருந்தால் 4.75-க்குக் கீழே வந்ததைத் தூக்கிப் போட்டுவிடு.

வைண்டிங் கணக்கு உனக்குத் தெரிந்ததுதான், உன்னிடம் வேலை பழகும் பையனுக்காக எழுதுகிறேன். கெபாசிட்டர் மோட்டாரின் மூன்று முனைகளில் காமன்–ரன் 40 ஓம், காமன்–ஸ்டார்ட் 65 ஓம் என்றால் ரன்–ஸ்டார்ட் 105 ஓம் வர வேண்டும். கூட்டல் இடித்தால் உள்ளே ஷார்ட். மோட்டார் சூடாக இருக்கும்போது ஓப்பன் (சுற்று அறுந்தது) என்று மீட்டர் காட்டினால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. உள்ளே இருக்கும் தெர்மல் (சூடானால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாகியிருக்கலாம், ஆறவிட்டு மறுபடி பார்க்கச் சொல். கடைசியாக 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) பாடிக்கும் வைண்டிங்குக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த மோட்டாரை மறுபடி மாட்டவே வேண்டாம்.

குளிரூட்டும் கேஸ் எது என்றும் லேபிளில் பார்த்துக்கொள். ஆர் 290 என்றால் புரோபேன், தீப்பற்றும். அதில் தயாரிப்பாளர் குறித்த மோட்டாரைத் தவிர வேறு எதையும் போடாதே. கசிவு இல்லை என்று டிடெக்டரில் பார்த்து, காற்றோட்டம் வைத்துக்கொண்டுதான் ஒயரில் கை வைக்க வேண்டும்.

கழற்றும்போது இரண்டு விஷயம். ஒன்று, எதையும் தொடுமுன் ஒயர் இணைப்பைப் படம் எடுத்துவிட்டு, வளையத்தின் விளிம்பிலிருந்து பிளேடு எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று மில்லிமீட்டரில் குறித்துக்கொள். பிளேடு முழுக்க உள்ளே போனாலும் முழுக்க வெளியே வந்தாலும் காற்று ஓரத்தில் சுழன்று திரும்பி வரும், காயில் வழியாக வராது. இரண்டாவது, காயிலுக்கும் பிளேடுக்கும் நடுவே கெட்டி அட்டை ஒன்றைச் செருகிவிடு. ஸ்பானர் நழுவி ஒரு டியூபில் பட்டால் மோட்டார் வேலை கேஸ் வேலையாகிவிடும்.

நீள ஷாஃப்ட் மோட்டாரில் கிரப் ஸ்க்ரூவை (பிளேடை ஷாஃப்டில் பிடிக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) தளர்த்தியதும் பிளேடை இழுக்கத் தோன்றும். இழுக்காதே. நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் நுனியில் துருவும், ஸ்க்ரூ கடித்த இடத்தில் பிசிறும் இருக்கும். எமரி ஷீட்டால் நுனியைப் பளபளவென்று தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் விட்டுவிடு. பிறகு பிளேடை முதலில் உள்பக்கம் ஒரு நூல் தள்ளி, பிறகு வெளியே கொண்டு வா, அப்படியே முன்னும் பின்னுமாக. வரவில்லையென்றால் புல்லர் (இழுத்தெடுக்கும் கருவி) போடு. சுத்தியலால் தட்டினால் இறக்கை வளையும். வளைந்த பிளேடை மாட்டினால் அதிர்ந்து அதிர்ந்து புதுப் பேரிங்கைத் தின்றுவிடும்.

மோட்டார் வெளியே இருக்கும்போதே காயிலைச் சுத்தம் செய்துவிடு, இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஃபின் (காயிலின் மெல்லிய தகடுகள்) ஓடும் திசையிலேயே மென்மையான பிரஷ், கூடவே வேக்குவம். காற்று நுழையும் முகத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து ஊது. முன்பக்கமிருந்து ஊதினால் தூசி நடுவில் போய் அடைத்துக்கொள்ளும்.

மாட்டும்போது கெபாசிட்டர் உள்ள மோட்டார் என்றால் புதுக் கெபாசிட்டரும் போடு. மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது கூட. பெரிய மைக்ரோஃபாரட் போட்டால் மோட்டாருக்கு வலு வராது, ஸ்டார்ட் வைண்டிங்கில் கரன்ட் கூடிச் சூடுதான் வரும். எர்த்தை விட்டுவிடாதே. ஒயரைப் பிளேடிலிருந்தும் கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான டிஸ்சார்ஜ் பைப்பிலிருந்தும் தள்ளிக் கட்டு. மோட்டாருக்குள் நுழையுமுன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் தண்ணீர் ஒயரோடு உள்ளே ஓடாது.

ஓட்டிப் பார்த்ததும் ஆம்பியர் எடு. 0.3 ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டர் ஒழுங்காகக் காட்டாது. ஒரு ஒயரை மட்டும் கிளாம்பின் வாயில் பத்துச் சுற்றுச் சுற்றி, வருவதைப் பத்தால் வகு. லேபிளில் உள்ளதைவிடக் கூடினால் பிளேடு அந்த மோட்டாருக்கு ஒத்துவரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

பிறகு காயிலின் நடு வளைவில் தெர்மாமீட்டர் முனையை ஒட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றி, அரை மணி நேரம் கழித்துப் பார். உள்ளே நுழையும் காற்றைவிட 10 முதல் 15 டிகிரி கூட இருந்தால் சரி. காற்று 35 என்றால் காயில் 45 முதல் 50. ஆர் 134ஏ கேஸில் 45 டிகிரிக்கு ஏறக்குறைய 10.6 பார் அழுத்தம் கேஜில் நிற்கும், 65 டிகிரிக்குப் போனால் 18 பாரை ஒட்டி வந்துவிடும். ஃபேன் நின்ற நாட்களில் அந்தக் கம்ப்ரஸர் இந்தச் சுமையைத்தான் இழுத்து இழுத்து ஓவர்லோடில் (சூடானால் அணைக்கும் பாதுகாப்பு சுவிட்சில்) ட்ரிப் ஆகியிருக்கும். சின்ன யூனிட்டில் இதற்காகக் கேஜ் மாட்ட வேண்டாம். சில கிராம் கேஸ் ஹோஸில் போனாலே சார்ஜ் குறைந்துவிடும்.

வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் யூனிட்டின் கூண்டைச் சுற்றிப் பார். பக்கத் தகடு கழன்றிருக்கிறதா, காயிலுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? ஃபேன் எளிதான வழியில்தான் காற்றை இழுக்கும். இடைவெளி இருந்தால் சூடான காற்றே சுற்றிச் சுற்றி வந்து மோட்டாரை வேகவைக்கும். இதைத் தகடும் ஃபோமும் வைத்து அடைத்துவிடலாம். வோல்ட்டையும் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பார். மோட்டாரின் திருப்புவிசை வோல்ட்டின் இரண்டாம் படியில் இறங்குவதால், 10 சதவீத வோல்ட் குறைந்தால் 19 சதவீத விசை போய்விடும்.

கம்ப்ரஸர் ட்ரிப்பில் கிடந்தால் புது ஃபேன் வந்த உடனே ஓடவில்லையே என்று பதறாதே. உள்ளே இருக்கும் ஓவர்லோடு ஆறி மறுபடி சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஃபேனை மட்டும் தனியாக ஓட்டிக் காற்றுக் கொடு. அதுவரை அடிக்கடி ஆன் ஆஃப் செய்யாதே, சரக்கை வேறு ஃப்ரீசருக்கு மாற்றச் சொல்.

மூன்றாவது மோட்டாருக்கு ஆர்டர் கொடுக்குமுன் எனக்கு ஐந்து எண்ணை எழுதி அனுப்பு: இப்போதுள்ள பிளேடின் விட்டமும் சாய்வும், வளையத்தின் உள்விட்டம், எரிந்த மோட்டார் லேபிளின் வாட், ஆம்பியர். யூனிட்டில் முதலில் வந்த மோட்டாரின் லேபிள் எங்காவது கிடந்தால் அதன் படமும் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்