ஞாயிறு பேச்சு: ஜூடி சிகாகோவின் விருந்து மேசை

தோழிகளுக்கு வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோ 1979இல் முடித்த ‘தி டின்னர் பார்ட்டி’ என்ற கலைப்படைப்பைப் பற்றிப் பேசலாம். இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முக்கோண மேசையில் வரலாற்றிலும் புராணத்திலும் வரும் 39 பெண்களுக்கு இடம், ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் தட்டு. தரையின் பீங்கான் ஓடுகளில் இன்னும் 999 பெயர்கள்.

வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட பீங்கான் ஓவியத்தையே அவர் கையில் எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மேசையைச் சுற்றி வர வர, தட்டையாக இருந்த தட்டுகள் மெல்ல எழும்பிச் சிற்பமாகவே ஆகிவிடுகின்றன!

அப்புறம், பெரும்பாலான தட்டுகளில் பெண்ணுடலின் வடிவம் இருக்க, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத்தின் தட்டில் மட்டும் மூன்று முகங்கள். ஏன் என்று கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் கேட்டார்கள். அதையும் பேசியாக வேண்டும்.

பிடித்த தட்டின் படத்தைச் சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள்.